நாணுக்கு இரண்டு குஞ்சம்

2008 ஜனவரி 9, புதன்

இன்றைக்கும் தட்டிவிட்டா.

வேலையால் வந்து, முகம் கழுவி, வில்லை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். முதல் அம்பை விட்டேனோ இல்லையோ, தண்ணீர்த் தாங்கிக்கு ஏறும் இரும்புக் குழாயில் டங், டங். இரண்டு தட்டு. கரண்டியால்தான் தட்டுகிறா என்று நினைக்கிறேன். மொட்டைமாடிக்கு நேர் கீழே, நாலாம் மாடித் தட்டில் தனியாக இருக்கும் கனகேஸ்வரி அன்ரி. அவவைத் தவிர வேறு யார்?

படியில் கண்டால் முகம் முழுக்கச் சிரிப்பு. "சாப்பிட்டியே பிள்ளை?" என்பா. மேலே ஏறி நாணை விட்டால் குழாயில் தட்டு. அதுவும் முதல் அம்புக்கு மட்டும்தான். பிறகு பேசாமல் இருந்துவிடுவா. ஒருதரம் எச்சரித்தால் போதும், இவளுக்கு விளங்கும் என்ற எண்ணமாக்கும்.

விளங்காது அன்ரி. பகல் முழுக்க நுகேகொடை ஒபிசில் இருந்து யாரோ கட்டப்போகும் வீடுகளுக்குப் படம் கீறுகிறேன். யார் யாருடையவோ குளியலறைகள். எனக்கென்று இருப்பது பின்னேரத்தில் இந்தக் கொஞ்ச நேரம்தான். ஒரு மர வில், ஆறு அம்பு, தாங்கிச் சுவரோடு சாத்திய வைக்கோல் மூட்டை. இதையும் விட மாட்டேன்.

ஜனவரி 11, வெள்ளி

பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். வர இருட்டிவிட்டது. மூன்றாம் தட்டில் என் கதவைத் திறக்கிறேன், மேல் படியில் டோர்ச் லைற்றோடு அன்ரி நிற்கிறா. "பஸ்ஸே பிந்தினது?" என்று கேள்வி வேறு. ஓம் என்றேன். கதவைச் சாத்தினேன்.

சத்தத்துக்கு மட்டுமில்லை, என் போக்குவரத்துக்கும் காவல் வைத்தாச்சு. ஒழுங்கை முனையில் ஆமி, படியில் அன்ரி.

ஜனவரி 19, சனி

இரத்தினசிங்கம் அங்கிள் வந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் வெள்ளவத்தை மாடிக் கட்டடத்தின் சங்கச் செயலாளர். குடியிருக்கும் தமிழரின் பெயர்களைப் பதியப் பொலிஸ் வரும்போதெல்லாம் கதவு கதவாகக் கூட்டிக்கொண்டு போவதும் அவர்தான். கதிரையின் நுனியில் இருந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். அப்போதே தெரிந்துவிட்டது.

"தவமலர், உம்மட அந்த வில்லு விஷயம்."

"என்ன அங்கிள்?"

"நாண் விடேக்க டொங் எண்டு ஒரு சத்தம் வருதெல்லே. மேல் தட்டில இருக்கிற ஆக்களுக்கும் கரைச்சல்தானே."

மேல் தட்டு! பெயர் சொல்லத் தேவையே இல்லை. மேலே இருப்பது இரண்டு வீடு, அதில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது.

வில்வித்தைக் கழகத்தின் கடிதம் இருக்கிறது, பொலிஸுக்கும் காட்டியிருக்கிறேன் என்றேன். அதெல்லாம் தெரியும் என்றார். "ஆனா ஒழுங்கை முனையில நிக்கிற ஆமிப் பொடியன் கடிதத்தை வாசிச்சுப் போட்டே துவக்கைத் தூக்குவான்? சத்தம் கேட்டால் ஓடித்தான் வருவான் பிள்ளை." கடைசியில் தீர்ப்பும் சொன்னார். மாத முடிவுக்குள் சத்தம் வராமல் செய்ய வேண்டும். முடியாவிட்டால் மாடிக் கதவின் திறப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

திறப்புப் போனால் பயிற்சி போயிற்று. பயிற்சி போனால் மார்ச் எட்டாம் திகதிப் போட்டியும் போயிற்று. மர வில்லுக்கென்று எங்கள் கழகம் வைப்பதே அந்த ஒரு போட்டிதான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மைதானத்தில் மட்டும் எய்து யார் வென்றது?

ஜனவரி 20, ஞாயிறு

கோபம் ஆறவில்லை.

கீழ்த்தட்டில் கலியாண மண்டபம். நாதஸ்வரக் கசெற்றைப் போட்டால் ஒழுங்கை முழுக்க அதிருது. பக்கத்து ரியூசன் மாஸ்டர் மைக் வைத்து இரசாயனவியல் படிப்பிக்கிறார், ஏ.எல். சோதினையை நானே எழுதிப் பாஸ் பண்ணலாம். காலி வீதி பஸ்கள். கடற்கரை ரெயில். கறண்ட் போனால் ஜெனரேற்றர். இதெல்லாம் ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை. ஒரு பொம்பிளை நாணை விட்டால் மட்டும் எல்லாருக்கும் காது குத்துது!

பஸ்ஸில் தமிழ் கதைத்தால் குரலைத் தாழ்த்து. போனில் ஊர்ப் பெயர் சொல்லாதே. வெளியில் போகும்போது பொட்டைச் சின்னதாய் வை. எல்லாம் செய்தாச்சு. இப்போது நாணுக்கும் வாயைக் கட்ட வேண்டுமாம். சொல்வது யார்? வெளியில் நிற்பவனா? எங்கட ஆட்கள். அதுதான் வயிறு எரியுது.

ஜனவரி 26, சனி

மைதானத்தில் டோரினிடம் சொன்னேன். கொட்டாஞ்சேனையில் இருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், என்னோடு ஒரே கிழமையில் கழகத்தில் சேர்ந்தவள்.

"அந்தாளுக்கு வேற வேல இல்லயா?" என்றாள். பிறகு யோசித்துவிட்டு, "சரி, உன் நாணுக்குச் சைலன்சர் கட்டுவோம்" என்றாள். பஸ்ஸுக்குள் அந்தச் சொல்லைச் சொல்லிவிடாதே, இரண்டு பேரும் உள்ளுக்குத்தான் என்றேன். சிரித்துக்கொண்டு அம்பைத் தவற விட்டாள்.

ஒன்றும் பெரிய சாமானில்லை. அம்பு போன பிறகும் நாண் நின்று அதிரும். அந்த அதிர்வுதான் டொங். நாணின் மேல் கால்வாசியில் ஒன்றும் கீழ்க் கால்வாசியில் ஒன்றுமாக, மெதுவான எதையாவது கட்டிவிட்டால் அது அதிர்வைக் குடித்துவிடும். வெளிநாட்டில் நீர்நாயின் மயிரில் செய்து விற்கிறார்களாம். வெள்ளவத்தையில் நீர்நாய்க்கு எங்கே போவது?

"ஒங்க மேல்வீட்டு ஆன்ட்டி முடிய வெட்டு" என்றாள்.

அதற்கு முன்னர் நாணைக் கழற்றி இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பார்க்கச் சொன்னாள். முறுக்கினால் நாண் குட்டையாகி வில்லை விட்டுத் தள்ளி நிற்கும், வில்லின் நுனியில் வந்து அறையாது. செய்தேன். டொங் கொஞ்சம் மெலிந்து டொம் ஆனது. அவ்வளவுதான்.

ஜனவரி 30, புதன்

பழைய சைக்கிள் ரியூபை மெல்லிய கீற்றாக வெட்டி, நாணின் இழைகளைப் பிரித்து நடுவில் செருகிக் கட்டினேன். சிலந்திக்கால் மாதிரித் தொங்குகிறது. சத்தம் பாதியாகிவிட்டது. ஆனால் ரப்பர் பாரம். நாண் சோம்பிப்போய் அம்பு ஒரு சாண் கீழே இறங்குகிறது.

இதற்கும் டங், டங்! அரைச் சத்தத்துக்கும் முழுத் தட்டு. அறுபது வயதில் என்ன காதப்பா அது?

அங்கிளிடம் இன்னும் கொஞ்ச நாள் தவணை கேட்டேன். பெரிய மனதோடு தந்தார்.

பெப்ரவரி 3, ஞாயிறு

உப்புக் காற்றில் ரப்பர் பிசுபிசுத்து நாணோடு ஒட்டிவிட்டது. பிடுங்கி எறிந்தேன்.

பெப்ரவரி 6, புதன்

எப்போதோ நாட்டிய நிகழ்ச்சி ஒன்றுக்கு வாங்கிய சவரி முடி அலுமாரியில் கிடந்தது. வெட்டிக் கட்டிப் பார்த்தேன். மூன்றாவது அம்போடு அவிழ்ந்து காற்றில் போய்விட்டது. கலியாண வீட்டுச் சாப்பாட்டில் விழாமல் இருந்தால் சரி.

பெப்ரவரி 9, சனி

கம்பளி நூல்தான் கடைசி வழி என்று டோரின் சொல்லிவிட்டாள். மார்க்கெட் பக்கம் இப்றாஹிம் நானாவின் நூல் கடைக்குப் போனேன். நல்ல தடிப்பாகப் பார்த்து இரண்டு உருண்டை எடுத்தேன். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். சத்தியமாக நிறம் என் மனதிலேயே இல்லை, தடிப்பைத்தான் பார்த்தேன். நானா கையிலிருந்து மெதுவாக இரண்டையும் வாங்கித் தட்டில் திருப்பி வைத்தார்.

"தங்கச்சி, இந்த ரெண்டும் ஒண்டா வாணாம். பச்சை ஈக்கிது, எடுங்க."

சிவப்பும் மஞ்சளும் புலிக்கொடியின் நிறம் என்று அப்போதுதான் உறைத்தது. பச்சை எடுத்தேன். வீட்டுக்கு வரும்வரை ஏசிக்கொண்டே வந்தேன், யாரை என்றுதான் தெரியவில்லை. நானாவை இல்லை. அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஒரு முழக் கம்பளி நூலுக்கும் நிறம் பார்க்க வேண்டிய சீவியம்.

பெப்ரவரி 10, ஞாயிறு

நூலை விரல் நீளத் துண்டுகளாக வெட்டினேன். நாணின் இழைகளைப் பிரித்து, துண்டுகளைக் குறுக்கே வைத்து, மெழுகு பூசிய தையல் நூலால் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். பிறகு சீப்பால் வாரி விரித்து, கத்தரிக்கோலால் உருண்டையாக வெட்டினேன். பிள்ளைகளின் தொப்பியில் இருக்கும் குஞ்சம் மாதிரி இரண்டு பச்சைக் குஞ்சம். வில்லின் நுனியில் நாண் படும் இடத்தில் கம்பளித் துணிக் கீற்றும் ஒட்டினேன்.

முதலில் சரிவரவில்லை. மேல் குஞ்சத்தை ஒரு விரல் கீழே இறக்கினேன். கொஞ்சம் குறைந்தது. இன்னும் அரை விரல். இறக்கிக்கொண்டே போக, ஓர் இடத்தில் சத்தம் அப்படியே செத்துவிட்டது. அம்பு வைக்கோலில் போய்க் குத்தும் தொப் மட்டும்தான்.

நின்று கேட்டேன். குழாய் பேசவில்லை.

வென்றுவிட்டேன்! இனித் தட்டுங்கோ பார்ப்போம்.

பெப்ரவரி 13, புதன்

படியில் அன்ரி மறித்தா. "இப்ப மேல போறேல்லையே பிள்ளை?"

"ஒவ்வொரு நாளும் போறனான் அன்ரி. சத்தம் வராமல் போறனான்" என்று அழுத்திச் சொன்னேன். முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. ஏறிப் போனா. நல்லாய் வேணும்.

பெப்ரவரி 15, வெள்ளி

அங்கிள் மாடிக்கு வந்து பக்கத்தில் நின்று கேட்டார். "அருமை, அருமை" என்றார். திறப்பு என்னிடமே இருக்கட்டுமாம்.

பெப்ரவரி 24, ஞாயிறு

குஞ்சம் கொழுத்திருந்ததால் அம்பு இன்னும் கொஞ்சம் கீழேதான் போனது. கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி மெலிய வைத்தேன். இப்போது பழைய இடத்திலேயே குத்துகிறது. இரண்டு சுற்று எய்ததில், பன்னிரண்டு அம்பில் ஒன்பது ஓர் உள்ளங்கைக்குள்.

மார்ச் 6, வியாழன்

நாணுக்கு மெழுகு போட்டேன். நாளை மறுநாள் போட்டி. டோரின் காலையில் மைதான வாசலில் நிற்பாள்.

மார்ச் 9, ஞாயிறு

போட்டி முடிந்துவிட்டது. நான் போகவில்லை.

வெள்ளிக்கிழமை வேலையால் வரும்போது பஸ்ஸை மறித்தார்கள். வழக்கம் போல இறங்கினேன், வழக்கம் போல அடையாள அட்டையை நீட்டினேன். "கம கொஹெத?" ஊர் எது என்று. அட்டையில் எழுதியிருக்கிறது, யாழ்ப்பாணம். பத்து வருடமாக வெள்ளவத்தையில் இருக்கிறேன் என்றேன், வேலை செய்யும் இடத்தின் அட்டையைக் காட்டினேன். அந்தப் பக்கம் நில் என்றான். அந்தப் பக்கம் ஏற்கெனவே நாலைந்து பொம்பிளைகள். ஜீப்பில் ஏற்றினார்கள். போனை வாங்கி வைத்துவிட்டார்கள். பொலிஸ் ஸ்டேசனில் ஒரு நீள மர வாங்கு. விடியும்வரை அதில்தான் இருந்தோம்.

வில்லுக்காக இல்லை! வில் வீட்டில், பச்சைக் குஞ்சத்தோடு, பரம சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பிறந்த இடத்துக்காக. அதற்கு எந்தக் கம்பளியை எந்த இடத்தில் கட்டுவதாம்? யாராவது சொல்லுங்கோ, வாங்கிக் கட்டுறன்.

சனி காலை என்னைக் காணவில்லை என்று டோரின் போன் எடுத்திருக்கிறாள். கிடைக்கவில்லை. இரத்தினசிங்கம் அங்கிளுக்கு எடுத்திருக்கிறாள். "வீட்டில நித்திரையாய் இருப்பா" என்றாராம். நல்லவேளை அவள் நம்பவில்லை. போட்டியை விட்டுவிட்டு ஒவ்வொரு ஸ்டேசனாகத் தேடி வந்து, தன் சிங்களத்தால் கத்தி, கெஞ்சி, மத்தியானம் என்னை வெளியே எடுத்தாள். அவளும் எய்யவில்லை.

வாசலில் அங்கிள். "அட, எழும்பிப் போட்டிக்குப் போனீரே? வெற்றியே?"

ஓர் இரவு முழுக்க நான் இல்லை. இந்தக் கட்டடத்தில் ஒரு சனத்துக்கும் தெரியாது. அவரை விலத்திக்கொண்டு உள்ளே போனேன்.

வில்லை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். ஏன் ஏறினேன் என்று தெரியாது. ஓர் அம்பு விட்டேன். சத்தமே இல்லை. அப்போதுதான் அழுகை வந்தது. அன்ரி காய்ந்த உடுப்பு எடுக்க வந்தவ, என்ன பிள்ளை என்றா. சொன்னேன். கையிலிருந்த உடுப்பெல்லாம் கீழே விழுந்தது. ஆறுதல் சொல்லுவா என்று பார்த்தால், ஏச்சு.

"எடியே, உன்னை ஆர் சத்தத்தை நிப்பாட்டச் சொன்னது?"

எனக்கும் ஏறிவிட்டது. "நீங்கள்தானே அன்ரி! ஒவ்வொரு நாளும் குழாயில தட்டித் தட்டி..."

"நான் தட்டினது, நீ வந்திட்டாய், எனக்குக் கேட்டிட்டுது எண்டு சொல்லவெல்லோ!"

வில்லைச் சுவரோடு சாத்திவிட்டுக் கேட்டேன்.

அவவின் மனுசன் சிவானந்தன் உயிரோடு இருந்தபோது, ஒருநாள் பேப்பர் வாங்கப் போன இடத்தில் பிடித்துவிட்டார்களாம். "நான் சமைச்சு வைச்சிட்டுக் கோவத்தோட இருக்கிறன், ஆரோட நிண்டு அரசியல் கதைக்கிறாரோ எண்டு. அங்க அவரை அடைச்சு வைச்சிருக்கிறாங்கள். ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. மூண்டாம் நாள்தான் தெரியும்." அன்றிலிருந்து இந்தக் கட்டடத்தில் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று காது கொடுத்துக்கொண்டே இருப்பாவாம். என் டொங் கேட்ட பிறகுதான் தேத்தண்ணி வைப்பாவாம். கேட்காத அன்றைக்குத்தான் படியில் வந்து நிற்பது.

"இதை வாயால சொன்னால் என்ன அன்ரி?"

"சொன்னால் நீ எனக்காண்டி ஏறி அடிப்பாய். பிறகு அது உனக்கொரு வேலையாய்ப் போயிடும். நீ உன்ர பாட்டில அடிக்கிறதைக் கேக்கிறதுதானடி எனக்கு நிம்மதி."

உடுப்பைப் பொறுக்கிக்கொண்டு இரண்டு பேரும் இன்னும் கொஞ்ச நேரம் ஏசிக்கொண்டோம். இப்போதும் எனக்கு அவவில் கோபம்தான். அவவின் வீட்டில்தான் சாப்பிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

அங்கிளிடம் போனேன். மேல் தட்டில் யார் முறையிட்டது என்று நேரே கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. மேல் தட்டு எண்டு சொன்னால் நீர் எதிர்த்துக் கதைக்க மாட்டீர் எண்டு நினைச்சனான்."

ஏசினேன். நன்றாக ஏசினேன். முடிவில், "அவங்கள் வரேக்க முன்னுக்கு நிக்கிறது நான் பிள்ளை. ஒவ்வொரு முறையும் கால் நடுங்கும்" என்றார். அதற்கு மேல் ஏச வரவில்லை. எரிச்சலோடு திரும்பி வந்தேன். கோபப்பட வேண்டியவனை விட்டுவிட்டு இந்தக் கட்டடத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கோபப்படுகிறோம். வேறு யாரிடம் காட்டுவது? ஸ்டேசன் வாங்கிலா?

மார்ச் 16, ஞாயிறு

அன்ரி ஏன் தட்டினா என்று கேள்விப்பட்டு அங்கிளே வந்தார், தானும் உதவி செய்வதாக. அன்ரிக்குக் கேட்க வேண்டும், ஒழுங்கை முனைக்குக் கேட்கக் கூடாது. அதற்குத்தான் குஞ்சத்தைப் பொருத்த வேண்டும்.

அங்கிள் ஒழுங்கை முனையில் பேப்பரோடு நின்றார். சத்தம் கேட்டால் பேப்பரை மடிக்க வேண்டும். அன்ரி குசினியில் கரண்டியோடு. நான் மேலே.

கீழ்க் குஞ்சத்தை முழுக்கக் கழற்றினேன். டங், டங். எட்டிப் பார்த்தால் அங்கிள் பேப்பரை நாலாக மடித்துவிட்டு மேலே பார்த்துக் கையை ஆட்டுகிறார். ஆமிப் பொடியனும் சேர்ந்து மேலே பார்க்கிறான்! குனிந்துவிட்டேன். திரும்பக் கட்டினேன், இந்தமுறை பாதிக் குஞ்சம். பேப்பர் மடியவில்லை, குழாயும் தட்டவில்லை. அதை நுனிப் பக்கமாக ஒரு விரல் தள்ளினேன். இன்னும் ஒரு விரல். எனக்கே கேட்குதா இல்லையா என்ற மாதிரி ஒரு மெல்லிய டும்.

டங், டங்.

அங்கிள் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஏப்ரல் 4, வெள்ளி

தட்டவில்லை.

இரண்டாவது அம்பு விட்டேன். இல்லை. மூன்றாவது. வில்லை நிலத்தில் போட்டுவிட்டு ஓடினேன். அன்ரியின் கதவில் ஆமைப்பூட்டு. வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போயிருப்பா. ஆனால் இந்நேரம் வந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியும், நானும் இப்போது காது கொடுக்கிறவள்தானே.

அங்கிளிடம் சொன்னேன். "வீட்டில இருப்பா" என்று சொல்லவில்லை. களிசானை மாட்டிக்கொண்டு, பொலிஸ் பதிவின் பிரதியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். ஸ்டேசனில் நான் இருந்த அதே வாங்கில் அன்ரி, மடியில் அர்ச்சனைத் தட்டத்தோடு. அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறா. அங்கிள் சிங்களத்தில் கதைத்தார். காற்சட்டைக் கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தாமல் கதைத்தார்.

பொழுது படுமுன் விட்டுவிட்டார்கள். ஓட்டோவில் ஏறியதும் அன்ரியின் முதல் கேள்வி: "ஏன் இவ்வளவு நேரம்?"

ஏப்ரல் 22, செவ்வாய்

அம்பு விடும்போதே மழை பிடித்துவிட்டது. குஞ்சம் இரண்டும் நனைந்து கனத்து, நாண் வாயே திறக்கவில்லை. கீழே இருந்தும் தட்டு இல்லை. குழாய்ப் பக்கம் போய், மாடிக் கதவின் திறப்பால் நானே இரண்டு தட்டுத் தட்டினேன்.

உடனே டங், டங். பிறகு குசினி யன்னலால் குரல்:

"கேட்டிட்டுது! மழையுக்க நிண்டு என்னடி செய்யிறாய், தேத்தண்ணி ஆறுது!"